ரைஃபிள் தோட்டாவுக்குத் தனி அளவில் டை செய்துகொள்வது அவசியமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆடுதுறைக்காரன். ஹூஸ்டனில் 22 வருடம் டூல் ரூமில் வேலை பார்த்தேன். டை செய்வதுதான் தொழில். சனி, ஞாயிறுகளில் ரைஃபிள் ரேஞ்சுக்குப் போவேன், சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை வீட்டுக் கொட்டகையில் மறுபடி நிரப்புவேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஆனாலும் டெக்சாஸிலும் மெல்போர்னிலும் இருக்கும் அக்கா பிள்ளைகள், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து நண்பர்களின் பிள்ளைகள் என்று யாராவது வாரத்துக்கு ஒரு முறை போன் செய்து இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுதாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அளவுகளை எல்லாம் அங்குலத்தில் சொல்கிறேன், இந்தத் துறையில் அதுதான் வழக்கம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் ‘தௌ’ என்போம். ஒரு தௌ என்றால் 0.0254 மில்லிமீட்டர்.

மாமா, முதலில் டை என்ன வேலை செய்கிறது?

தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் பித்தளைக் கூடு பலூன் மாதிரி உப்பி, சேம்பரின் (ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. அந்தக் கூட்டை மறுபடி பயன்படுத்த வேண்டுமானால் அதைப் பிழிந்து சிறிதாக்க வேண்டும். அதைச் செய்வது சைஸிங் டை. எஃகு உருளைக்குள் தோட்டாவின் வடிவத்தில் ஒரு குழி, அவ்வளவுதான். கைப்பிடி போட்ட பிரஸ்ஸில் திருகி, எண்ணெய் தடவிய கூட்டை அடியிலிருந்து மேலே தள்ளினால் குழியின் அளவுக்குப் பிழிந்து வரும். பழைய பிரைமரை (மருந்தைப் பற்றவைக்க அடியில் பொருத்தும் சிறு மூடி) ஒரு ஊசி கீழே தள்ளிவிடும். இரண்டாவது டை குண்டைக் கூட்டின் கழுத்தில், அதாவது அதன் குறுகிய வாய்ப்பகுதியில், உட்கார வைப்பது, அதற்கு சீட்டிங் டை என்று பெயர்.

இந்த டைகளின் வெளிப்பக்க மரை பெரும்பாலும் 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. அதனால் ஒரு கம்பெனி டை இன்னொரு கம்பெனி பிரஸ்ஸில் சிரமமில்லாமல் ஏறும்.

‘கஸ்டம் டை’ என்று எதைச் சொல்கிறார்கள்?

மூன்று விதமான பொருளை ஒரே பெயரில் சொல்கிறார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

முதலாவது, உங்கள் ரைஃபிளில் சுட்ட கூடுகளையோ சேம்பர் வெட்டிய ரீமர் என்ற கருவியின் வரைபடத்தையோ அனுப்பினால், அதைப் பார்த்து உங்களுக்கென்றே குழியை வெட்டித் தருவது. விடன், ஹார்னடி போன்ற கம்பெனிகளிடம் இது கிடைக்கும். இரண்டாவது, ஹாரல்ஸ் கம்பெனி செய்வது மாதிரி. பல அளவுகளில் டைகளைத் தயாராக வைத்திருந்து, நீங்கள் அனுப்பிய கூட்டுக்குப் பொருந்துவதை எடுத்துக் கொடுப்பார்கள். மூன்றாவது, கடையில் வாங்கிய சாதாரண டையின் கழுத்துப் பகுதியை மட்டும் நீங்கள் சொல்லும் அளவுக்கு ஹோன் செய்து, அதாவது நைசாகத் தேய்த்து, பெரிதாக்கித் தருவது. ஃபார்ஸ்டர் கம்பெனி தன் டைகளுக்கு இதைக் குறைந்த செலவில் செய்துகொடுத்து வந்தது.

யாராவது “கஸ்டம் டை வாங்கினேன், பிரமாதம்” என்றால் இந்த மூன்றில் எது என்று கேளுங்கள். பாதிப் பேர் மூன்றாவதைத்தான் சொல்வார்கள்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், எனக்கு அது வேண்டுமா?

.308 வின்செஸ்டர், .223, 6.5 கிரீட்மூர், .30-06 இந்தத் தோட்டா வகைகளில் ஒன்று, ரைஃபிளும் கம்பெனி சேம்பரோடு வந்தது என்றால் வேண்டாம். கூட்டை முழு நீளத்துக்கும் பிழியும் நல்ல ஃபுல் லெங்த் டை ஒன்று வாங்கி, அதைச் சரியாக அமைக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை மைக்ரோமீட்டர் சொல்லட்டும்.

கடை டை ஏன் அவ்வளவு பிழிகிறது?

அமெரிக்காவில் 1926 முதல் சாமி (SAAMI) என்றொரு அமைப்பு இருக்கிறது. தோட்டா அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், சேம்பர் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அளவு வகுத்து வைத்தது அதுதான். தோட்டாவுக்கும் சேம்பருக்கும் நடுவே எப்போதும் இடைவெளி இருக்கும்படி வகுத்திருக்கிறார்கள். .308-க்குத் தோள் (உடல் சரிந்து கழுத்தாகக் குறுகும் இடம்) வரையிலான நீளத்தைச் சோதிக்கும் ‘கோ’ கேஜ், அதாவது சேம்பருக்குள் போயாக வேண்டிய அளவுக்கட்டை, 1.630 அங்குலம்; போகக் கூடாத ‘நோ-கோ’ கேஜ் 1.634. உங்கள் ரைஃபிள் இந்த நான்கு தௌவுக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

டை செய்யும் கம்பெனிக்கு உங்கள் ரைஃபிளைத் தெரியாது. மிகச் சிறிய சேம்பர் வைத்திருப்பவனும் அதே பெட்டியைத்தான் வாங்குவான், அவனுக்கும் தோட்டா உள்ளே போயாக வேண்டும். அதனால் எல்லாருக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே பிழியும்படி வெட்டுகிறார்கள். கம்பெனியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

கழுத்தில்தான் இது கண்ணுக்குத் தெரியும். .308-இல் சுட்ட கூட்டின் கழுத்து வெளியளவு சுமார் 0.344 வரும். சாதாரண டை அதை 0.331 பக்கம் வரை நெரிக்கிறது. பிறகு கூட்டை வெளியே இழுக்கும்போது நடுக்கம்பியில் இருக்கும் உருண்டை கழுத்துக்குள் புகுந்து மறுபடி 0.336 பக்கம் விரிக்கிறது. பிழிந்து, பிறகு விரித்து, சுட்டு, மறுபடி பிழிந்து. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் என்ன ஆகுமோ அதுவே பித்தளைக்கும் ஆகிறது. இறுகி, நாளடைவில் கழுத்து கீறிவிடும்.

அப்படியானால் எனக்குத் தேவையா என்று எப்படி அளப்பது?

மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

வெர்னியர் காலிப்பரை மட்டும் நம்பாதீர்கள். நல்ல காலிப்பரே ஒரு தௌ முன்னே பின்னே காட்டும், நாம் தேடுவதோ அந்த ஒரு தௌவைத்தான். 0.0001 வரை காட்டும் மைக்ரோமீட்டர் ஒன்று வேண்டும். தோள் நீளத்தை அளக்க, காலிப்பரில் மாட்டும் கம்பரேட்டர் ஒன்று வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு கஸ்டம் டையின் விலையைவிடக் குறைவு.

ஒரே பெட்டியில் வந்த ஐந்து கூடுகளை எடுத்து, உங்கள் ரைஃபிளில் சுடுங்கள். சுட்டதும் பிழியாமல் மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கழுத்தின் வெளிவிட்டம், தோளுக்குச் சற்றுக் கீழே உடலின் விட்டம், பிறகு அடியிலிருந்து 0.200 அங்குலம் மேலே உடலின் விட்டம். தோள் நீளத்தையும் கம்பரேட்டரில் எடுங்கள். இப்போது அதே கூடுகளை டையில் பிழிந்து, துடைத்து, அதே இடங்களில் மறுபடி அளக்க வேண்டும். ஐந்து கூட்டில் ஒன்று விலகி நின்றால் அதை ஒதுக்கிவிட்டு மற்ற நான்கைப் பாருங்கள்.

அடிப்பகுதியில் ஒன்றரை முதல் மூன்று தௌ வரை குறைந்திருந்தால் டை உங்கள் சேம்பருக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஐந்து, ஆறு தௌ குறைந்தால் சேம்பர் பெரிது, டை சிறிது. பித்தளை தேவையில்லாமல் உழைக்கிறது. எதுவுமே குறையவில்லை, அல்லது அரைத் தௌதான் குறைந்தது என்றால் அது எதிர்ப்பக்கத்துச் சிக்கல், அதைக் ‘கிளிக்’ பற்றிய கேள்வியில் சொல்கிறேன். கழுத்துக்கு வேறு கணக்கு, அதற்குப் புஷிங் டை போதும்.

தோள் நீளம் எவ்வளவு பின்னால் போனது என்பதை டையின் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நீங்கள் டையைத் திருகிய விதம். கையால் போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) ஏற்றி இறக்கும் ரைஃபிளுக்கு ஒன்று அல்லது இரண்டு தௌ போதும். தானாக ஏறும் ரைஃபிளுக்கு மூன்று நான்கு.

பெரும்பாலான டைகளோடு வரும் தாளில், ஷெல் ஹோல்டரை (பிரஸ்ஸில் கூட்டின் அடியைப் பிடிக்கும் துண்டு) தொடும்வரை டையை இறக்கி மேலும் கால் சுற்று திருகு என்று எழுதியிருக்கும். அப்படியே செய்தால் சில ரைஃபிள்களில் தோள் ஆறு, ஏழு தௌ பின்னால் போய்விடும். 7/8-14 மரையில் ஒரு முழுச் சுற்று என்பது சுமார் 71 தௌ, கால் சுற்று என்றால் கிட்டத்தட்ட 18 தௌ. பிரஸ் வளைவதிலும் கூடு எதிர்ப்பதிலும் அதில் பெரும்பகுதி கரைந்துபோகும் என்றாலும், மீதி இருப்பதே கூட்டைக் கெடுக்கப் போதும். என்னிடம் “டை சரியில்லை மாமா” என்று வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நான் செய்தது, டையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பூட்டு நட்டை இறுக்கச் சொன்னதுதான்.

என் கூடு அடியோடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. டைதானே காரணம்?

எனக்கும் நடந்திருக்கிறது. ஆரம்ப காலத்தில், .30-06 ரைஃபிளில், தாளில் போட்டபடி கால் சுற்றுத் திருகி நிரப்பிக்கொண்டிருந்தேன். ஆறாவது தடவை நிரப்பிய கூடு, சுட்டதும் போல்ட்டைத் திறந்தால் அடித்துண்டு மட்டும் வந்தது. மீதிக் குழாய் சேம்பருக்குள்ளேயே நின்றுவிட்டது. முகத்தில் சூடான காற்று வந்து மோதியது, கண்ணாடி போட்டிருந்தேன். அன்றைக்குக் கண்ணாடி இல்லாமல் நான் சுட்டிருந்தால் என்ற நினைப்பு இன்னும் விடவில்லை.

காரணம் நான் மேலே சொன்னதுதான். தோளை அளவுக்கு மேல் பின்னால் தள்ளினால், அடுத்த முறை வெடிக்கும்போது கூடு முன்னால் நீள வேண்டியிருக்கிறது. அந்த நீளம் அடிப்பகுதிக்குச் சற்று மேலே உள்ள சுவரிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடம் மெலிகிறது, கடைசியில் அறுகிறது.

அறுவதற்கு முன்னால் அந்தக் கூடு சொல்லும். வெளியே, அடிக்குச் சற்று மேலே பளபளப்பான ஒரு வளையம் தெரியும். காகிதக் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் வளைத்து, கூட்டின் உள்சுவரில் அடியிலிருந்து மேலே மெதுவாக இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் நுனி இடறினால் அந்தக் கூட்டோடு அதே பெட்டியில் வளர்ந்த கூடுகள் எல்லாவற்றையும் நசுக்கித் தூக்கிப் போடுங்கள். பித்தளைக்காக ஆசைப்படாதீர்கள்.

என் ரைஃபிளுக்குக் கஸ்டம் டை வாங்கியிருந்தால்கூட அதையும் கால் சுற்றுத் திருகி இதே கதிக்குத்தான் வந்திருப்பேன்.

புஷிங் டை, புஷிங் டை என்கிறார்களே?

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. அங்கே ஆச்சா மரத்தில் கடையும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகஸ்வரக் கச்சேரி பார்த்திருப்பீர்கள், வாத்தியத்தில் நூல் கட்டி நாலைந்து சீவாளி தொங்கும். குழல் ஒன்றுதான். ஆனால் அன்றைய ஈரம், சுருதி, வாசிக்கிறவரின் உதடு எல்லாம் பார்த்து இந்தச் சீவாளி இன்றைக்குச் சரி என்று ஒன்றை எடுத்துப் பொருத்துவார்.

புஷிங் டையும் அதே ஏற்பாடு. உடலைப் பிழிகிற குழி ஒன்றுதான். கழுத்தைப் பிழிய மட்டும் ஒரு சிறு வளையம் தனியாக, கழற்றி மாற்றும்படி இருக்கும். ஒவ்வொரு தௌ வித்தியாசத்தில் இந்த வளையங்கள் தனித்தனியாகக் கிடைக்கும். குண்டை வைத்து முடித்த தோட்டாவின் கழுத்தை அளந்து, அதில் இரண்டு தௌ கழித்து வளையம் வாங்க வேண்டும். .308-இல் கழுத்துச் சுவர் 0.015 கனம் என்றால், 0.308 குண்டோடு சேர்த்து வெளியளவு 0.338. அப்படியானால் 0.336 வளையம். வேறு கம்பெனிக் கூடு வாங்கினால் சுவர்க் கனம் மாறும், அப்போது வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.

கஸ்டம் டை கேட்டு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வேண்டியது இதுதான் என்பது என் அனுபவம். கழுத்துப் பிழிவைக் குறைக்கத்தான் அவர்கள் தனி டை தேடுகிறார்கள்.

ஒரு குறை உண்டு. வளையம் கழுத்தின் அடிப்பகுதியை, தோளை ஒட்டிய சிறு பட்டையை, தொடாமல் விடும். இறுக்கமான கழுத்துள்ள சேம்பர் என்றால் அங்கே கவனிக்க வேண்டும். மற்றபடி பயமில்லை.

கழுத்து கோணலாக வருகிறது. கஸ்டம் டை நேராக்குமா?

முதலில் நடுக்கம்பியில் இருக்கும் உருண்டையைக் கழற்றிவிட்டு ஒரு கூட்டைப் பிழிந்து, உருட்டிப் பாருங்கள். நேராக வந்தால் குற்றவாளி உருண்டை. கழுத்தை வெளியே இழுக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. கழுத்துக்குள்ளும் கொஞ்சம் மசகு தடவுங்கள், அல்லது உருண்டை தேவைப்படாத புஷிங் டைக்கு மாறுங்கள். உருண்டை இல்லாமலும் கோணலாக வந்தால் மட்டும் டையைச் சந்தேகப்படலாம்.

சரி, யாருக்குத்தான் கஸ்டம் டை வேண்டும்?

மேசையில் ரைஃபிளைத் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களை முதலில் சொல்கிறேன். 6 பிபிசி என்ற தோட்டா 1975-இல் லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பின்டெலும் உருவாக்கியது. இதைச் சுடுகிறவர்கள் சேம்பரின் கழுத்தையே இறுக்கமாக வெட்டச் சொல்லி, கூட்டின் கழுத்துச் சுவரைச் சீவி அதற்குப் பொருத்துகிறார்கள். ஒரே பதினைந்து, இருபது கூடுகளைப் போட்டி மேசையிலேயே திரும்பத் திரும்ப நிரப்புவார்கள். அவர்களுக்கு அடிப்பகுதி ஒரு தௌ கூடினாலும் போல்ட் திறப்பது கனக்கும். மணல் பையின் மேல் வைத்த ரைஃபிள் அசைந்துவிடும். சேம்பருக்கு ஏற்ற டை அவர்களுக்கு அவசியம்.

அடுத்து, கடைத் தோட்டாவின் வடிவத்தை மாற்றி உருவாக்கிய தோட்டாக்கள். பி. ஓ. ஆக்லி பெயரில் வழங்கும் ‘இம்ப்ரூவ்டு’ வகைகள் இதற்கு உதாரணம். அவற்றில் பிரபலமான சிலவற்றுக்குக் கடையிலேயே டை கிடைக்கிறது. கிடைக்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் டையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்றாவது, பழைய ராணுவ ரைஃபிள்கள். சேறும் மணலும் படிந்த தோட்டாகூட உள்ளே போக வேண்டும் என்று சேம்பரைத் தாராளமாக வெட்டியிருப்பார்கள். கடை டை அதில் உப்பிய கூட்டை ஒரேயடியாகப் பிழியும். ஆனால் இங்கே கஸ்டம் டைக்கு முன்னால், கழுத்தை மட்டும் பிழியும் மலிவான டையை முயன்று பாருங்கள்.

நான்காவதுதான் ‘கிளிக்’. சுட்ட பிறகு போல்ட்டைத் தூக்கும்போது மேலே வந்து ஓரிடத்தில் பிடித்து, ‘டிக்’ என்று விடும். கூட்டின் அடி உப்பி, சேம்பரை விட்டு வரமாட்டேன் என்கிறது. டையின் அடிப்பகுதி உங்கள் சேம்பரைவிடப் பெரிதாகவோ சமமாகவோ இருந்தால் எத்தனை முறை பிழிந்தாலும் அந்த உப்பல் இறங்காது. நான் முன்னே சொன்ன அளவில் அடி குறையவே இல்லை என்பது இதைத்தான் காட்டுகிறது. அடியில் சிறிதாக வெட்டிய டை ஒன்று இந்த வேதனையை ஒரே நாளில் தீர்க்கும். என் நண்பர் ஒருவர் ரைஃபிளை விற்கிற முடிவுக்கு வந்திருந்தார், கூட்டை அனுப்பி டை வாங்கியதும் அதே ரைஃபிளை இன்னும் எட்டு வருடம் சுட்டார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். போல்ட் பிடிப்பது அழுத்தம் எல்லை மீறியதற்கும் அடையாளம். முதலில் வெடிமருந்தைக் குறையுங்கள், கையேட்டில் போட்ட ஆரம்ப அளவுக்குத் திரும்புங்கள். அங்கேயும் கிளிக் இருந்தால் மட்டும் டையைப் பற்றி யோசியுங்கள். அதிக மருந்தை டையால் சரிசெய்ய நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயம்.

துல்லியம் எவ்வளவு கூடும்?

கம்பெனி ரைஃபிளில், சரியாக அமைத்த கடை டையோடு ஒப்பிட்டால், இலக்கில் வித்தியாசம் தெரியாது. குழலும் குண்டும் முதலில், அடுத்து மருந்தின் எடை ஒரே மாதிரி இருப்பது, அதற்கடுத்து காற்றைப் படிக்கிற கண், டிரிகர் இழுக்கும் விரல். டை இவற்றுக்குப் பின்னால்தான் வரும். 100 கஜத்தில் இன்னும் ஒன்றரை அங்குலத்தில் குண்டுகளைச் சிதற விடுகிற பிள்ளை டைக்குச் செலவிடும் பணத்தில் குண்டும் பிரைமரும் வாங்கிச் சுட்டுப் பழகினால் பலன் பல மடங்கு.

நல்ல டையின் பலன் பித்தளையின் ஆயுளில் தெரியும். குறைவாகப் பிழிந்தால் கூடு அதிக நாள் வரும், அளவும் சுடச் சுட ஒரே மாதிரி நிற்கும்.

சீட்டிங் டையையும் தனியாகச் செய்ய வேண்டுமா?

டை வேண்டாம், அதற்குள் குண்டை அழுத்தும் தண்டு மட்டும் போதும். மெலிந்து நீண்ட மூக்குள்ள குண்டுகளில் சாதாரண தண்டின் குழி நுனியைத் தொடும். நுனி ஒவ்வொரு குண்டிலும் கொஞ்சம் மாறும், அதனால் ஆழமும் மாறும். மூக்கின் பக்கவாட்டைப் பிடிக்கும் தண்டு இருந்தால் போதும். பல கம்பெனிகள் தனியாக விற்கின்றன, சிலர் நீங்கள் அனுப்பும் குண்டைப் பார்த்தே கடைந்து தருவார்கள். செலவு குறைவு, பலன் உண்டு.

குழல் மாற்றினால் அதே கஸ்டம் டை பொருந்துமா?

புதுக் குழலின் சேம்பரை அதே ரீமரால் வெட்டினால் பொருந்தும். அதனால் ரீமரை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குழல் வேலை செய்பவரிடம் ஒவ்வொரு முறையும் அதையே கொடுங்கள். வேறு ரீமர் என்றால் மறுபடி அளக்க வேண்டும்.

அனீலிங் செய்யாவிட்டால்?

பிழிந்த பித்தளை கொஞ்சம் திரும்ப விரியும். புதுக் கூடு குறைவாக விரியும், பலமுறை சுட்டு இறுகிய கூடு அதிகமாக விரியும். ஒரே டை, ஒரே அமைப்பு, ஆனால் தோள் அளவு கூட்டுக்குக் கூடு மாறுகிறது என்றால் கழுத்தையும் தோளையும் மிதமாகச் சூடாக்கி இளக்க வேண்டும், அதுதான் அனீலிங். அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது. இதைச் செய்யாமல் கஸ்டம் டை வாங்கினாலும் அளவு நிலைக்காது.

சித்தப்பா, ஊருக்கு வரும்போது டையையும் பிரஸ்ஸையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வரட்டுமா?

வேண்டவே வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ‘அம்யூனிஷன்’ என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். அந்தச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. 2019-இல் திருத்திய பிறகு, இதை மீறினால் குறைந்தது 7 ஆண்டு சிறை. வெறும் எஃகு உருளைதானே என்று விமான நிலையத்தில் வாதாடும் நிலைக்கு உங்களைக் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளாதீர்கள். நானே என் சாமான் எல்லாவற்றையும் ஹூஸ்டனில் ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கும்பகோணத்தில் லேத் பட்டறை இல்லாத தெரு கிடையாது. வரைபடம் கொடுத்தால் அவர்களே செய்துவிட மாட்டார்களா?

கைவேலையில் அவர்களுக்குக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேலே சொன்ன சட்டம் கடைந்து தருகிற மனிதரையும் பிடிக்கும். உங்கள் ஆசைக்காக ஒரு பட்டறைக்காரர் ஸ்டேஷனில் உட்கார வேண்டாம். அரசாங்கத்துக்காக ஆயுதம் செய்யும் தொழிற்சாலை திருச்சியில் 1966 முதல் இருக்கிறது, இது அப்படிப்பட்ட இடங்களின் வேலை. லைசென்ஸோடு போட்டிக்குச் சுடுபவர் என்றால் உங்கள் ரைஃபிள் கிளப்பில் பேசி, சட்டப்படி கிடைக்கும் தோட்டாவை வாங்குங்கள்.

தாத்தா காலத்து டபுள் பேரல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குவோம். அதற்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. டெல்டா மிராசு வீடுகளில் இருப்பது பெரும்பாலும் உள்சுவர் வழவழப்பான, சிறு ரவைகளைச் சுடும் துப்பாக்கி. அதன் தோட்டாவுக்குக் கழுத்தும் கிடையாது, தோளும் கிடையாது. கடையில் லைசென்ஸைக் காட்டித் தோட்டா வாங்குங்கள். பழைய தோட்டாவில் மருந்து மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அளந்து பார்த்தேன், எனக்குக் கஸ்டம் டைதான் வேண்டும். எப்படி ஆர்டர் செய்வது?

நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். முதல் தடவை நான் புதுக் கூடுகளை ஒரே ஒரு முறை சுட்டு அனுப்பிவிட்டேன். ஒரு முறை சுட்ட கூடு சேம்பரை முழுதாக நிரப்பியிருக்காது. அந்தச் சின்ன அளவிலிருந்து இன்னும் கழித்து டை வெட்டியதால், எனக்கு வந்த டை கடை டையைவிட மோசமாகப் பிழிந்தது. ஆறு வாரக் காத்திருப்பும் பணமும் போயின. செய்தவரிடம் தவறில்லை, நான் அனுப்பியதற்கு ஏற்றபடிதான் செய்திருந்தார்.

அதே கூடுகளை நடுவில் கழுத்தை மட்டும் பிழிந்து மூன்று முறை சுடுங்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் மருந்து அளவிலேயே சுடுங்கள், இதற்காகக் கூட்ட வேண்டாம். மூன்றாவது முறை சுட்ட பிறகு எதுவும் செய்யாமல் மூன்று கூடுகளை அனுப்புங்கள். பிரைமரைக் கழற்ற வேண்டுமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சுட்ட பிரைமர் இருந்தால் தபாலில் சில இடங்களில் தகராறு வரும். ரீமர் வரைபடம் இருந்தால் அதன் நகலும், குண்டு வைத்து முடித்த கழுத்தின் அளவும் எழுதி அனுப்புங்கள். உயிருள்ள தோட்டாவைத் தபாலில் போடவே கூடாது, மருந்தும் பிரைமரும் இல்லாமல் குண்டு மட்டும் வைத்த மாதிரி ஒன்று போதும். கழுத்துக்கு வளையம் மாற்றும்படி கேளுங்கள், முழுக்க நிலையான கழுத்து வேண்டாம். நாளை வேறு பித்தளை வாங்கினால் கை கட்டிப்போகும்.

டை வந்ததும், பெட்டியில் இருக்கும் தாளை ஓரமாக வைத்துவிட்டு, ஷெல் ஹோல்டரைத் தொடாத உயரத்தில் டையை நிறுத்துங்கள். ஒரு கூட்டைப் பிழிந்து, அளந்து, கொஞ்சம் இறக்கி, மறுபடி பிழிந்து அளந்து, தோள் ஒன்றரைத் தௌ பின்னால் வந்த இடத்தில் நட்டைப் பூட்டி, அந்த அளவையும் தேதியையும் டைப் பெட்டியின் மூடியிலேயே எழுதி வையுங்கள்.